ஏணி மேல் நின்று மீன் பிடிக்கும் ஏரி

விடியற்காலை ஆறு மணி. இன்னும் இருட்டுதான். கார் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் அலுமினிய ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்குள் நடந்து போகிறார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவர் தோளிலும் ஓர் ஏணி. வீட்டில் பல்பு மாற்றுவதற்கு விரித்து வைத்து ஏறுவோமே, அதே மாதிரி ஏணிதான்.

"அண்ணே, இவங்க எல்லாம் தண்ணிக்குள்ள எங்க போறாங்க?"

"நாமளும்தான் போறோம் பாப்பா. பின்னால நம்ம ஏணி இருக்கு பாரு."

பெரியப்பா மகன் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் வேலை செய்கிறார். நீண்ட நாள் சேமித்து வைத்த விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மார்ச் மாதம். சான் பிரான்சிஸ்கோ பாலம், ஷாப்பிங் என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யூடியூப்ல பார்த்துக்கலாம். உன்னை ஓர் இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். இரண்டரை மணி நேரத்தில் பனி மூடிய சியரா நெவாடா மலையைக் கடந்து ரெனோ நகரம். அங்கிருந்து வடகிழக்கே இன்னும் முக்கால் மணி நேரம். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் நெவாடா மாநிலத்தின் பிரமிட் ஏரி.

மீன் பிடிப்பது எனக்குப் புதிதல்ல. தோட்டத்தில் வளர்ந்த என் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஈயம் தோண்டிய பழைய குட்டைக்கு என்னையும் தம்பியையும் கூட்டிப் போவார். மண்புழு, மூங்கில் கழி, ஒரு டப்பா பிஸ்கட். ஹாருவான் சிக்கினால் அன்று இரவு வீட்டில் குழம்பு மணக்கும். ஆனால், பாலைவனத்தின் நடுவே, உறைபனிக் குளிரில், ஏணி மேல் நின்று, கடைசியில் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவதற்காக இத்தனை பேர் வருகிறார்கள் என்றால், அதில் ஏதோ இருக்க வேண்டும் அல்லவா? அந்த ஏதோ ஒன்றைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பாலைவனத்தில் ஏது தண்ணீர்?

பாலைவனம் என்றதும் நமக்கு மணல்மேடும் ஒட்டகமும்தான் நினைவுக்கு வரும். நெவாடா அப்படியில்லை. இது உயரமான பாலைவனம். பிரமிட் ஏரியே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாம்பல் பச்சையில் முழங்கால் உயரப் புதர்கள், மொட்டைப் பாறை மலைகள், குளிர்காலத்தில் பனி. மரத்தைத் தேடினால்தான் கண்ணில் படும்.

பசிபிக் கடலிலிருந்து வரும் மழை மேகங்களைச் சியரா நெவாடா மலைத்தொடர் தடுத்துப் பிழிந்துவிடுகிறது. மலையின் மேற்குப் பக்கம் பனியும் மழையும் கொட்டும். கிழக்குப் பக்கத்துக்கு மிச்சம் மீதிதான். ரெனோவில் ஓராண்டுக்குப் பெய்யும் மொத்த மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் இந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலையிலிருந்துதான். சியரா மலையில் குளிர்காலம் முழுவதும் சேரும் பனி, வசந்தத்தில் உருகித் தாஹோ ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து புறப்படும் டிரக்கி ஆறு, ஏறக்குறைய 195 கிலோமீட்டர் ஓடி, ரெனோ நகரத்தின் நடுவே புகுந்து, பாலைவனத்துக்குள் இறங்கி, பிரமிட் ஏரியில் முடிகிறது. ஆம், அங்கேயே முடிந்துவிடுகிறது. கடலுக்குப் போவதில்லை. ஏரியிலிருந்து வெளியேற ஆறு கிடையாது. தண்ணீர் வெயிலில் ஆவியாகித்தான் போக வேண்டும். அதனால் ஏரி நீரில் லேசான உப்பு உண்டு, கடல் நீரில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு.

ஏரியின் பரப்பளவு சிங்கப்பூரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆழமான இடத்தில் 100 மீட்டரைத் தாண்டும். ஆனாலும் இது மிச்சம்தான். பனியுகத்தில் இந்தப் பகுதி முழுக்க லஹோண்டன் என்ற மாபெரும் ஏரி இருந்தது. அது நிறைந்திருந்த காலத்தில் நம் பேராக் மாநிலம் அளவுக்குப் பரந்து கிடந்தது. உலகம் சூடேறி அது வற்றியபோது ஆழமான பள்ளங்களில் மட்டும் தண்ணீர் தங்கியது. அப்படித் தங்கிய தண்ணீரில், அந்தப் பழைய ஏரியின் மீனும் தங்கியது.

அந்த மீனின் பெயர் லஹோண்டன் கட்த்ரோட் டிரவுட். நெவாடா மாநிலத்தின் அதிகாரபூர்வ மீன். தாடைக்குக் கீழே கத்தியால் கீறியது போல் சிவப்பாக ஒரு கோடு இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

ஈ இல்லாத ஈ

ஃபிளை ஃபிஷிங் என்பதை 'ஈ வைத்து மீன் பிடிப்பது' என்று சொல்லலாம். ஆனால், அதில் உண்மையான ஈ கிடையாது. இறகு, நூல், முடி, மணி இவற்றைச் சின்னத் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டி, பார்ப்பதற்குப் பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ செய்கிறார்கள். அண்ணன் வீட்டு வரவேற்பறையில் ஒரு மூலை முழுக்க இந்தச் சாமான்கள்தான். அண்ணி அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

அப்பாவின் மூங்கில் கழிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாம் வழக்கமாக வீசும் தூண்டிலில் முனையில் கட்டிய ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும். அந்தக் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளைக்குக் கனமே இல்லை. எனவே இங்கே நூல்தான் கனம். தடிமனான அந்த நூலை முன்னும் பின்னும் காற்றில் வீசி, கழியை வளைத்து, அந்த வேகத்தில் ஃபிளையைக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்க வேண்டும். பார்க்க நடனம் போல இருக்கிறது. நான் வீசியபோது என் தொப்பியில்தான் மாட்டியது.

பிரமிட் ஏரியில் உயிருள்ள இரைக்கு அனுமதியே இல்லை. செயற்கை இரை மட்டும்தான். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கூர்மையும் இருக்கக்கூடாது. மீன் வாயிலிருந்து முள்ளைச் சுலபமாகக் கழற்ற வேண்டும் என்பதற்காக.

சரி, ஏணி எதற்கு? கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரை ஏரி இடுப்பளவு ஆழம்தான். பிறகு திடீரென்று தரை சரிந்து ஆழமாகிவிடும். டிரவுட் அந்தச் சரிவின் விளிம்பை ஒட்டியே ரோந்து வரும். விளிம்பருகே ஏணியை நட்டு மேலே நின்றால், தூரமாக வீசலாம். உடம்பும் குளிர்ந்த தண்ணீரில் நனையாது. சிலர் ஏணி உச்சியில் நாற்காலியே பொருத்தி வைத்திருக்கிறார்கள். விடிந்த பிறகு பார்த்தேன். கரையோரம் நெடுக, வரிசையாக ஏணிகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆள். ஒருவரும் பேசவில்லை.

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு அமைதி என்றால் பயம். மூன்று வினாடி சத்தம் இல்லாமல் போனால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். அன்று நான் ஏணி மேல் நான்கு மணி நேரம் பேசாமல் நின்றேன்.

ஏரிக்கும் ஒரு காலண்டர்

இங்கே எப்போது வேண்டுமானாலும் போய்த் தூண்டில் போட முடியாது. டிரவுட் பிடிக்கும் பருவம் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கி ஜூன் 30ஆம் தேதி முடிகிறது. நமக்கு ஆண்டு முழுவதும் ஒரே வெயில், ஒரே மழை. பருவம் என்றால் டுரியான் பருவம்தான் தெரியும். இங்கே மீனின் நடமாட்டம் முழுவதும் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது.

டிரவுட் குளிர்ந்த நீர் மீன். குளிர்ந்த நீரில்தான் அதற்குப் போதுமான பிராணவாயு கரைந்திருக்கும். கோடையில் ஏரியின் மேல்மட்டம் சூடானதும் மீன்கள் ஆழத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் இழுத்துப் பிடித்து, போராடிக் களைத்த மீனைச் சூடான மேல்நீரில் விட்டால் அது பிழைப்பது கடினம். 'பிடித்துவிட்டு விட்டுவிடுகிறோமே, அதனால் என்ன' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பருவத்தை மூடுவதற்குப் பின்னால் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது.

இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிர ஆரம்பிக்கும்போது, டூயி சப் என்ற சிறு மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு டிரவுட் கரைப்பக்கம் வரும். அப்போது குட்டி மீன் போன்ற ஃபிளைகளை வீசி, நூலை இழுத்து இழுத்து ஆசை காட்டுவார்கள். நடுக்குளிர்காலத்தில் ஆட்கள் குறைவு. கழியில் நூல் ஓடும் வளையங்களில் பனிக்கட்டி உறைந்து நிற்குமாம். குளிரைத் தாங்குபவர்களுக்கு அதுவும் நல்ல பருவம் என்கிறார் அண்ணன். மார்ச், ஏப்ரலில் இனப்பெருக்கத்துக்காகப் பெரிய மீன்கள் கரையை நெருங்கும். மிதவை கட்டி, அதற்குக் கீழே கொசுப் புழு போன்ற சின்ன ஃபிளையைத் தொங்கவிட்டு, மிதவை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள். நாங்கள் செய்ததும் அதுதான். மே, ஜூனில் தண்ணீர் சூடாக, மீன்கள் மெல்ல விடைபெறும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஏரியில் கண் இமைக்கும் நேரத்தில் காற்று திரும்பும். அலை ஏணியை ஆட்டிவிடும். ஆனால், அலை அடித்தால்தான் மீனுக்குத் தைரியம் என்கிறார்கள். கண்ணாடி போன்ற அமைதியான நீரில் மீன் நம்மைப் பார்த்துவிடுமாம்.

ஓர் அணை செய்த வேலை

காலை பத்து மணிக்குத் தேநீர் குடிக்கக் கரைக்கு வந்தோம். அப்போதுதான் அண்ணன் சொன்னார்: "நீ இப்போ நின்னுட்டு வந்த ஏரியில, ஒரு காலத்துல இந்த மீன் ஒண்ணுகூட இல்ல. சுத்தமா அழிஞ்சு போச்சு."

இந்த ஏரி பையூட் பழங்குடி மக்களுக்குச் சொந்தமானது. ஏரியும் அதைச் சுற்றியுள்ள நிலமும் 1859இல் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. ஏரியில் மட்டுமே வாழும் குவீவி என்ற மீனின் பெயரிலேயே, 'குவீவி உண்பவர்கள்' என்று அவர்கள் தங்களை அழைத்துக்கொள்கிறார்கள். 1844 ஜனவரியில் ஜான் ஃபிரேமாண்ட் என்ற அமெரிக்க ஆய்வுப் பயணி இங்கு வந்தபோது, பசியோடிருந்த அவரது குழுவுக்குப் பையூட் மக்கள் பெரிய பெரிய டிரவுட் மீன்களைக் கொடுத்தார்கள். ஏரிக்குள் கூம்பாக நிற்கும் பாறையைப் பார்த்து 'பிரமிட் ஏரி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

டிரவுட் ஏரியில் வளர்ந்தாலும், முட்டையிட டிரக்கி ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலே போக வேண்டும். 1905இல் அந்த ஆற்றின் குறுக்கே டெர்பி அணை கட்டி முடிக்கப்பட்டது. பாலைவனத்தை விளைநிலமாக்கும் அமெரிக்க மத்திய அரசின் தொடக்ககாலத் திட்டங்களில் ஒன்று அது. ஆற்றுத் தண்ணீரின் பெரும்பகுதி கால்வாய் வழியே வேறு பள்ளத்தாக்கின் வயல்களுக்குத் திரும்பியது. விவசாயிகளுக்குத் தண்ணீர் கிடைத்தது. ஆனால், அணையைத் தாண்டி மீன் மேலே போக வழியில்லை. கீழே ஆறும் மெலிந்தது.

ஏரி வற்றத் தொடங்கியது. 1960களுக்குள் நீர்மட்டம் ஏறக்குறைய 24 மீட்டர் இறங்கிவிட்டது. ஏழெட்டு மாடிக் கட்டடத்தின் உயரம் அது. பக்கத்தில் இருந்த வின்னமக்கா ஏரி முழுவதுமாகக் காய்ந்து மண்ணாகிவிட்டது. ஆறு ஏரியில் சேரும் இடத்தில் சேற்று மேடு வளர்ந்து, மீன் உள்ளே நுழையும் வாசலையே அடைத்துவிட்டது.

இதில் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 1925இல் ஜான் ஸ்கிம்மர்ஹார்ன் என்ற பையூட் மனிதர் இந்த ஏரியில் 41 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 18.6 கிலோ எடையுள்ள கட்த்ரோட் டிரவுட் ஒன்றைப் பிடித்தார். இந்த இனத்தில் இன்றுவரை அதுதான் உலக சாதனை. ஐந்து வயதுப் பிள்ளையின் எடை! அந்தச் சாதனை மீன் பிடிபட்டபோதே, அதன் இனத்தின் கதை முடிந்துகொண்டிருந்தது. பெரிய மீன்கள் இருந்தன, குஞ்சுகள்தான் இல்லை. 1938இல் கடைசியாக ஆற்றில் முட்டையிட்டதாகப் பதிவு. 1940களில் ஏரியில் அந்த மீன் இல்லாமல் போனது.

மலை ஓடையில் மறைந்திருந்த மிச்சம்

கதை இத்தோடு முடிந்திருந்தால், நான் ஏணி மேல் ஏறியிருக்க மாட்டேன்.

பிறகு வந்த ஆண்டுகளில் வேறு ஏரிகளிலிருந்து கட்த்ரோட் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை வளர்ந்தன. ஆனால், அந்தப் பழைய பிரம்மாண்டம் திரும்பவில்லை.

1970களில் நெவாடா–யூட்டா எல்லையில், பைலட் பீக் என்ற மலையின் ஒரு சிற்றோடையில் கட்த்ரோட் மீன்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். லஹோண்டன் ஆறுகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத மலை அது. ராபர்ட் பென்கே என்ற மீனியல் அறிஞர், இவை பிரமிட் ஏரியின் அசல் வம்சம் என்று கருதினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ குஞ்சுகளைக் கொண்டுவந்து அந்த ஓடையில் விட்டிருக்க வேண்டும். விட்டவருக்குத் தாம் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஏரியில் இனமே அழிந்த பிறகும், அந்தச் சின்ன ஓடையில் அது குட்டி மீன்களாகவே உயிரோடு இருந்தது.

1990களில் அந்த மீன்களின் முட்டைகளைச் சேகரித்து, மத்திய அரசின் லஹோண்டன் மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்தார்கள். அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த பழைய பிரமிட் ஏரி மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டபோது, பென்கே சொன்னது சரி என்று தெரிந்தது. 2006இல் பைலட் பீக் வம்சக் குஞ்சுகள் பிரமிட் ஏரிக்கே திரும்பின.

ஓடையில் குட்டியாகவே இருந்த மீன், தன் பூர்வீக ஏரியில் விட்டதும் வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போனது. பத்தாண்டுகள்கூட ஆகவில்லை, 20 பவுண்டுக்கு மேல் எடையுள்ள மீன்கள் தூண்டிலில் சிக்கின. 2014இல் அவை டிரக்கி ஆற்றில் ஏறி, இயற்கையாகவே முட்டையிட்டன. 1938க்குப் பிறகு முதல் தடவையாக.

தண்ணீர் கேட்டவர்கள்

'விஞ்ஞானிகள் மீனைக் காப்பாற்றினார்கள்' என்று இதைச் சுருக்கிவிடலாம். அது பாதி உண்மைதான். மீன் கிடைத்தாலும், அதை விட ஓர் ஏரி வேண்டும் அல்லவா? ஏரியைக் காப்பாற்றியவர்கள் பையூட் மக்கள்.

தங்கள் ஏரிக்குத் தண்ணீர் கேட்டு அவர்கள் பல்லாண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 1973இல் மத்திய நீதிமன்றம் ஒன்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, அணையிலிருந்து தண்ணீர் திருப்புவதற்குக் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்றது. 1983இல் ஆற்று நீரில் கூடுதல் பங்கு கேட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். தோற்றும் விடவில்லை. மலைமேல் இருக்கும் ஸ்டாம்பீட் நீர்த்தேக்கத்தின் தண்ணீர், அருகிவரும் மீன்களுக்காகவே ஒதுக்கப்பட்டது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் தண்ணீர்ப் பங்கீட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் தொடர்ச்சியாக, நகரம், விவசாயம், மீன் மூன்றுக்கும் சேர்த்து ஆற்றை நடத்தும் ஒப்பந்தம் 2008இல் கையெழுத்தாகி, 2015 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 2020இல் டெர்பி அணையிலேயே, மீன்கள் கால்வாய்க்குள் போய்விடாமல் ஆற்றுக்குத் திருப்பிவிடும் தடுப்பு அமைக்கப்பட்டது. அணை கட்டி 115 ஆண்டுகளுக்குப் பிறகு!

இன்று ஏரியில் மீன் பிடிக்க நெவாடா மாநில உரிமம் செல்லாது. பையூட் மக்களின் நிர்வாகம் தரும் பெர்மிட்தான் வேண்டும். எந்த மீனை எடுத்துப் போகலாம், எதை விட வேண்டும், எந்தக் கரைக்குப் போகலாம் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. ஏரியின் கிழக்கே, கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண் போன்ற பாறை ஒன்று உண்டு. 'கல் தாய்' என்பார்கள். பிரிந்துபோன பிள்ளைகளை நினைத்து அவள் அழுத கண்ணீர்தான் இந்த ஏரி என்பது அவர்கள் முன்னோர் சொன்ன கதை. அந்தப் பக்கம் வெளியாட்கள் போக இப்போது அனுமதியில்லை. எங்கள் கரையிலிருந்தே பார்த்துக்கொண்டோம்.

அப்பாவின் கேள்வி

பதினொரு மணி வாக்கில் அண்ணனின் மிதவை சட்டென்று அமிழ்ந்தது. கழி வளைந்தது. பத்து நிமிடம் இருக்கும், இழுபறி. வலையில் ஏந்தியபோது அதைத் தூக்கி வைத்திருக்க அவர் என்னிடம் சொன்னார். "கையை முதல்ல தண்ணியில நனைச்சுக்க பாப்பா. காஞ்ச கையால தொட்டா அதோட மேல்பூச்சு உரிஞ்சிடும்."

மூன்று கிலோ இருக்கலாம். செம்பு நிற உடம்பில் கரும்புள்ளிகள். தாடைக்குக் கீழே அந்தச் சிவப்புக் கோடு. தண்ணீருக்குள்ளேயே இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தேன். செவுள் திறந்து மூடியது. ஒரு நிமிடம் அப்படியே இருந்தது. பிறகு வாலை ஓர் அடி அடித்து என் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போய்விட்டது. என் தூண்டிலில் அன்று ஒன்றும் சிக்கவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை.

அன்றிரவு அப்பாவுக்கு வீடியோ கால் செய்து காட்டினேன்.

"நல்ல மீனாச்சே. குழம்பா, வறுவலா?"

"விட்டுட்டோம்பா."

"விட்டுட்டீங்களா? விடுறதுக்கு எதுக்கும்மா பிடிக்கணும்?"

நியாயமான கேள்விதான். பசிக்குப் பிடித்த தலைமுறை கேட்கும் கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. மீனுக்கு வலிக்காது என்று பொய் சொல்லவும் மனமில்லை. பொழுதுபோக்குக்காக ஓர் உயிரை அலைக்கழிப்பது சரியா என்று கேட்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பையூட் மக்களும் எல்லாவற்றையும் விடச் சொல்வதில்லை. குறிப்பிட்ட அளவுள்ள மீனை எண்ணிக்கைக்கு உட்பட்டு எடுத்துப் போகலாம் என்றுதான் விதி.

ஆனால், ஒன்றைச் சொன்னேன். "அப்பா, நம்ம குட்டை இப்ப எங்க?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குட்டையை மண் போட்டு மூடி, அதன் மேல் இப்போது வீடுகள் கட்டிவிட்டார்கள். அது மூடப்பட்டபோது நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

அந்த ஏரிக்கரையில் நான் கண்ட வித்தியாசம் இதுதான். பெர்மிட் வாங்குகிறார்கள், பருவத்துக்குக் காத்திருக்கிறார்கள், எந்த ஆண்டு எவ்வளவு பனி பெய்தது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்று விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். ஏணி மேல் நிற்கும் ஒருவருக்கு, மலையில் பெய்யும் பனி சொந்த விஷயமாகிவிடுகிறது. அப்படிப் பத்துப் பேர், நூறு பேர் கவனித்துக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சத்தமில்லாமல் மூடிவிட முடியாது.

நம் பக்கத்திலும் இப்படி நடக்கிறது. சபா மாநிலத்தில் 'தகால்' என்ற முறை உண்டு. ஊர் மக்களே கூடி ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடிக்கத் தடை போட்டு, தாங்களே காவல் காக்கிறார்கள். ரானாவ் பக்கம் மொரோலி ஆற்றில் கால் வைத்தால் மீன்கள் கூட்டமாக வந்து மொய்க்கும். தாமான் நெகாராவில் லுபோக் தெனோர் என்ற இடத்தில் கெலா மீனுக்கென்றே சரணாலயம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பேரங்காடிக்குக் கூட்டிப் போவதற்குப் பதில், ஒரு தடவை அங்கே கூட்டிப் போய்ப் பாருங்கள்.

நீங்களும் போவதாக இருந்தால்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உறவினர் இருந்தால், மார்ச் அல்லது ஏப்ரலில் ஒரு வார இறுதி போதும். பெர்மிட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விதிகள் மாறக்கூடும் என்பதால் அந்தப் பருவத்துக்கு உரியதைப் படித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வழிகாட்டி ஒருவரோடு போவது நல்லது. ஏணி, கழி, நீர் புகாத கால்சட்டை எல்லாம் அவர்களிடமே கிடைக்கும். குளிருக்கு ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட, மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போடுவதுதான் உதவும். கண்ணாடி கட்டாயம், காற்றில் பறக்கும் முள் கண்ணைப் பார்த்து வராது. மீன் வேண்டாம் என்பவர்களுக்கு அனாஹோ தீவு இருக்கிறது. தீவில் இறங்க முடியாது. 1913 முதல் அது பறவைகள் சரணாலயம். வசந்தத்தில் வெள்ளை நாரைகள் போலப் பெரிய பெலிக்கன் பறவைகள் கூட்டமாக வந்து இறங்குவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா தம்பி மகனை முன்னால் உட்கார வைத்து, "ஹாருவான் எப்படி இருக்கும் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவனுக்குத் தெரியவில்லை. அப்பா என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்தத் தாமான் நெகாராவுல கெலா இருக்குன்னியே, அது எங்க? இவனைக் கூட்டிட்டுப் போகலாமா?"

"போகலாம்பா. ஆனா, அங்க குழம்பு வைக்க முடியாது."

"தெரியும், தெரியும். பார்த்துட்டு வரலாம்."

அடுத்த பள்ளி விடுமுறைக்கு நாங்கள் புறப்படுகிறோம்.